ஒல்லியின் முதுகு

ஒல்லிக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் இன்று வந்து பார்த்தால் அவர்களுக்கே சிரிப்பு வரும். மில்லில் சேர்ந்த புதிதில், இரண்டு தறிகளுக்கு நடுவே இருந்த சந்தில் உடம்பைத் திருப்பாமல் நேராகவே புகுந்து போவாள். அதற்காக வைத்த பெயர். இப்போது அவள் சமையலறை வாசலில் நின்றால், உள்ளே அடுப்பு எரிகிறதா அணைந்துவிட்டதா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. ஆனாலும் ஊர் ஒரு பெயரை ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். உடம்பு பெருத்துவிட்டது என்பதற்காக யாரும் பெயரைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பதில்லை.

அவளுக்குக் காது மந்தம். கதவை அறைந்து சாத்தினால் கேட்கும், பக்கத்தில் நின்று கத்தினால் யாரோ கத்துகிறார்கள் என்பது கேட்கும், என்ன கத்துகிறார்கள் என்பது கேட்காது. மில்லில் வேலை பார்த்த பெண்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். அவள் பேச்சும் அப்படி ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் ஒன்று தெருமுனை வரை கேட்கும், இல்லாவிட்டால் சத்தமே வராது. நடுவில் ஒரு சத்தம் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

காது போனதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். அவளுடைய வருத்தமெல்லாம் கட்டிய கணவனின் மீசை. ஊரில் சோடா கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் இன்னும் சோடாக்காரர்தான். கீழுதடு வரை இறங்கிக் கிடக்கும் அந்த மீசைக்குள்ளிருந்து அவர் என்ன பேசுகிறார் என்று அவளால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, கடைசியில் பொருளையே எடுத்துக் காட்டித்தான் குடும்பம் நடக்கிறது.

"அந்தப் புதரைக் கொஞ்சம் வெட்டுங்களேன்" என்பாள்.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டுவார். ஒரு சோடா பாட்டில் வெடித்து அவர் மேலுதட்டைக் கிழித்த இடம் அந்தப் புதருக்குள் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும் என்பதால் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

ஆக, வாய் வலிக்காமல், கண் வலிக்காமல், மனசு விட்டுப் பேச ஒல்லிக்கு இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆள் அடுத்த வீட்டிலேயே இருந்தாள். சோடாக்காரரின் அக்கா, ஒல்லியின் நாத்தனார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்த நாத்தனார் ஒல்லியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மற்ற ஊர்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பினால் அது கோபம், அவ்வளவுதான். உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகியவர்களுக்கு அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது.

அந்தப் பேச்சு பிறந்தது தறிக்கூடத்தில். வரிசை வரிசையாக ஓடும் தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் சத்தத்தையே கழற்றிப் போட்டுவிட்டார்கள். உதட்டை நன்றாக விரித்து, குவித்து, அழுத்தி, நிதானமாகப் பேசுவார்கள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, யார் வீட்டில் சண்டை, யாருக்கு மசக்கை, யார் புருஷன் எங்கே விழுந்து கிடந்தான் என்ற சங்கதியெல்லாம் மூச்சுச் சத்தம் இல்லாமல் போய்ச் சேரும். புதிதாக வந்தவள் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பழகிவிடுவாள். பழகாதவள் பைத்தியம் பிடித்து ஓடிவிடுவாள்.

அதற்கென்று ஒரு மரியாதையும் இருந்தது. இரண்டு பேர் அந்தரங்கமாகப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் மற்றவர்கள் தலையைக் குனிந்து அவரவர் துணியைப் பார்க்க வேண்டும். பார்ப்பதுதானே அங்கே கேட்பது. குனியாமல் நின்று வேடிக்கை பார்த்தவளோடு கொஞ்ச நாளைக்கு யாரும் சேரமாட்டார்கள்.

கூடத்தின் ஒரு முனையில், நாலைந்து படி உயரத்தில், கண்ணாடி அடைத்த அறை ஒன்று இருந்தது. மேஸ்திரியின் அறை. அங்கே உட்கார்ந்தால் எந்தத் தறி ஓடுகிறது, எது நிற்கிறது என்று பார்க்கலாம். மேஸ்திரி எந்நேரமும் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். அதைப் பற்றிப் பெண்களுக்குக் கவலையே இல்லை. உதட்டுப்பேச்சு தறிக்காரிகளின் சொத்து, ஆபீஸ் ஆட்களுக்கு அது பிடிபடாது என்று ஒரு நம்பிக்கை. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, யாரும் சோதித்துப் பார்த்ததும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரைக் கரித்துக் கொட்டுவதுதான் அங்கே இலவசமாகக் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு. வழுக்கைத் தலை, தொந்தி, அவர் மாமியாருக்குப் பயப்படுவது எல்லாம் தினமும் நாறும். மேஸ்திரி கண்ணாடிக்குப் பின்னால் மரக்கட்டை போல உட்கார்ந்திருப்பார்.

ஒல்லியின் தறியும் நாத்தனாரின் தறியும் நடைபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எதிர் எதிரே. ஒல்லி கண்ணாடி அறைக்கு முதுகைக் காட்டி நிற்பாள். நாத்தனார் அவளைப் பார்த்து நிற்பாள். ஒல்லியை மில்லில் சேர்த்துவிட்டதும் அவள்தான், தன் தம்பிக்குக் கட்டிவைத்ததும் அவள்தான். "வீட்டுக்கு ஒருத்தி வேணும், தறிக்கு ஒருத்தி வேணும், ரெண்டுக்கும் ஒரே செலவா முடிச்சேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். வேலை நேரம் பூராவும் பேச்சு. ரகசியம் என்றால் வலது உள்ளங்கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் சுவர் மாதிரி நிறுத்திக்கொள்வாள். பக்கத்துத் தறிக்காரிக்குத் தெரியக் கூடாதாம்.

நாத்தனாரின் கணவர் அதே மில்லில் ஃபிட்டர். ஒல்லிக்கு அவர் அண்ணன் முறை. பெயருக்கு மட்டும் அண்ணன் இல்லை, நிஜமாகவே அண்ணனாக இருந்தவர். அவள் தறி நின்றால் மற்றவர்களைக் காக்க வைத்துவிட்டு முதலில் ஓடிவருவார். பஞ்சுத் தூசி பெண்களின் நெஞ்சை அடைக்கிறது, தூசியை வெளியே தள்ளும் ஃபேன் போட வேண்டும் என்று அவர் கேட்டுக்கேட்டுப் பார்த்தார். நிர்வாகம் காதில் வாங்கவில்லை. வெளியூரிலிருந்து துணி வாங்குகிற பெரிய ஆட்கள் மில்லைப் பார்க்க வருகிற நாளில், சங்கு ஊதியதும் எல்லாத் தறியையும் நிறுத்துவது என்று அவரும் இன்னும் இரண்டு பேரும் காதும் காதும் வைத்தாற்போல் திட்டம் போட்டார்கள். மற்றவர்களுக்குக் காலையில் கேட்டில் வைத்துச் சொல்வதாக ஏற்பாடு.

நாத்தனாருக்கு அது வயிற்றில் தங்கவில்லை. முந்தின நாளே வேலைக்கு நடுவில் உள்ளங்கையைக் கன்னத்தில் நிறுத்தி ஒல்லிக்குச் சொன்னாள். "நாளைக்குச் சங்கு ஊதினதும் தறி நிக்கும். உங்க அண்ணனும் இன்னும் ரெண்டு பேரும்தான் பண்றாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மறுநாள் விடிந்ததும் கேட்டில் அந்த மூன்று பேரை மட்டும் தடுத்து நிறுத்தினார்கள். உள்ளே விடவேயில்லை. சங்கு ஊதியது, தறிகள் ஓடின, வந்தவர்கள் சந்தோஷமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே ஒல்லியைத் தறியிலிருந்து எடுத்து, தனி அறையில் துணி சரிபார்க்கும் மேஜைக்கு மாற்றினார் மேஸ்திரி. தூசி இல்லாத வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஏன் தனக்கு என்று அவளுக்குப் புரியவில்லை. ஊருக்கு நன்றாகவே புரிந்தது.

நாத்தனார் வந்து முற்றத்தில் நின்றாள். "உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்" என்றாள். வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை, உதட்டால்தான் சொன்னாள். ஒல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அவள் முகம் திரும்பியிருந்தது. அன்றைக்குத் திரும்பிய முகம்தான்.

ஃபிட்டர் அண்ணன் செங்கல் சூளையில் பாரம் ஏற்றினார். அப்புறம் வீடு வீடாகப் போய் மோட்டார் பம்பு பழுது பார்த்தார். ஒல்லியைத் தெருவில் பார்த்தால் அவர் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். சில வருஷத்தில் நெஞ்சு அடைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் செத்த அன்று ஒல்லி போய்த் தலைமாட்டில் நின்றபோதும் நாத்தனார் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒல்லி யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அது சத்தியம். ஆனால் ஒரு பழியை இத்தனை வருஷம் சுமந்தால் சுமக்கிறவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. மில் குளியலறையில் கைகழுவும்போது எவளிடமாவது உளறியிருப்பேனோ, வாய் தானாக அசைந்திருக்குமோ, மேஜை வேலையை எதற்குக் கொடுத்தார்கள் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் யோசிப்பாள். யோசித்து யோசித்து, நடக்காத ஒன்று நடந்தது போலவே கண்ணுக்குள் தெரிய ஆரம்பித்தது. இதுதான் அவளுக்குத் தாங்க முடியாத கொடுமையாக இருந்தது.

மில்லும் அப்புறம் மூடிவிட்டது. இப்போது அங்கே சிமெண்ட் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நூலகத்துக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. "நம்ம ஊர்த் தொழில்கள்" என்று ஒரு கண்காட்சி வைக்கப் போவதாக வீடு வீடாக வந்து சாமான் கேட்டாள். சூளைக்காரர்கள் செங்கல் அச்சு கொடுத்தார்கள். எலும்பில் பொத்தான் அறுத்த பட்டறைக்காரர் ஒரு டப்பா நிறையப் பொத்தான் கொடுத்தார், எண்ணித் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் தூக்கும் இடுக்கி வந்தது. சோடாக்காரர் காற்று ஏற்றும் இயந்திரத்தையே உருட்டிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியெல்லாம் அது கடகடத்தது ஒல்லிக்கே கேட்டது.

மில்லிலிருந்து கிடைத்தது ஒரு படச்சுருள். முதலாளியின் மருமகன் ஒரு தடவை கேமராவோடு வந்து மில்லைப் படம் எடுத்தார். மேஸ்திரியும் கூடவே சுற்றினார். அந்த மூன்று பேரைக் கேட்டில் தடுத்ததற்கு முந்தின வருஷம் அது. முதலாளி வீட்டுப் பரணில் துருப்பிடித்த தகர டப்பாவில் கிடந்ததை நூலகப் பெண் எடுத்துப் போய், நகரத்தில் கொடுத்து, சுவரில் காட்டுகிற மாதிரி மாற்றி வாங்கி வந்திருந்தாள்.

"சத்தம் மட்டும் இல்லை. ஊமைப்படம்" என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டுச் சொன்னாள் அந்தப் பெண்.

ஒல்லிக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் இருந்தால்தான் அவளுக்கு என்ன லாபம்?

ஆனாலும் போக மனமில்லை. நாத்தனார் வருவாள். மில்லுக்காரிகள் எல்லாரும் வருவார்கள். அத்தனை பேர் நடுவில் அந்த முகம் இன்னொரு தடவை திரும்புவதைப் பார்க்க வேண்டி வரும். "நான் வரலை, தலைவலி" என்றாள். சோடாக்காரர் விடவில்லை. அவளுடைய நல்ல துணியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நின்றார் என்றால் நின்றுகொண்டே இருந்தார். மனுஷனுக்குப் பேச்சுதான் வராதே தவிரப் பிடிவாதம் நன்றாக வரும்.

நூலகக் கூடத்தில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மத்தியான வெயில் ஓட்டைகள் வழியாக ஊசி ஊசியாக உள்ளே வந்தது. மில்லில் பாவு நூல் ஓட்டிய கிழவி, கேட் காவல்காரரின் மகள், சூளைக்காரன், பொத்தான் பட்டறைக்காரர் என்று நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முன்வரிசையில் நாத்தனார். நரைத்த பின்னந்தலை மட்டும் தெரிந்தது. ஒல்லி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

படம் ஓடியது. முதலில் கேட். ஆட்கள் உள்ளே வருகிறார்கள். "அதோ அவ!" "இது யாரு, நானா? இவ்வளவு முடியா எனக்கு?" என்று கூடம் அமளிப்பட்டது. அடுத்து முதலாளி நடந்து வர, பெண்கள் எல்லாரும் கைகட்டி வரிசையாக நிற்கும் காட்சி. எல்லா முகத்திலும் பணிவு வழிந்தது. திடீரென்று மில்லுக்காரிகள் அத்தனை பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"என்ன, என்ன?" என்றாள் நூலகப் பெண்.

"அந்த மூணாவது ஆள் என்ன சொல்றா தெரியுமா?" என்றாள் பாவு ஓட்டிய கிழவி. "சீக்கிரம் எடுத்துத் தொலைங்கடா, கால் கடுக்குதுன்னு சொல்றா."

நூலகப் பெண் வாயைப் பிளந்தாள். அப்புறம் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். யார் எது பேசினாலும் கூடத்தில் பத்துப் பேர் சேர்ந்து சொன்னார்கள். ஊமைப்படம் வாயாடிப் படமாகிவிட்டது. செத்துப்போனவர்கள் பேசினார்கள். ஒருத்தி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்துவிட்டேனே என்று புலம்பினாள். இன்னொருத்தி கேமராவைப் பார்த்துக்கொண்டே ஏதோ படபடவென்று பேச, சூளைக்காரன் எழுந்து நின்றுவிட்டான்.

"எங்கம்மா அது. எங்கம்மா என்ன சொல்றாங்க?"

"உன்னைத்தான்டா திட்டுறா. எவ்வளவு சொன்னாலும் சாப்பிடாம ஓடிப்போயிடுதாம் சனியன்" என்றாள் கிழவி.

அவன் "ஆமாம், அப்படித்தான் திட்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினான்.

ஒல்லி தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இப்போது தறிக்கூடம். கேமராவைக் கண்ணாடி அறையின் வாசலில், படிக்கு மேலே வைத்து எடுத்திருந்தார்கள். நடைபாதை நீளமாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு முதுகு. வற்றலாக ஒரு முதுகு, நடுவில் கயிறு மாதிரி ஒரு பின்னல். அது தன்னுடையது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த முதுகு யாரையும் எதையும் மறைக்கிற முதுகு இல்லை. அதற்கு அப்பால், எதிரே, நாத்தனாரின் முகம் முழுதாகத் தெரிந்தது. சின்ன வயசு முகம். மூக்கும் முழியுமாக, குறும்பு பொங்க, நேராக ஒல்லியைப் பார்க்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

சுவரில் நாத்தனார் வலது உள்ளங்கையைத் தூக்கிக் கன்னத்தில் நிறுத்தினாள். உதடு அசைந்தது. "மருமகன் கால்சட்டையைப் பாரு. நம்ம மில்லுத் துணி போல. ஒரே நனைப்புல முழங்காலுக்கு ஏறிக்கிச்சு."

கூடம் வெடித்துச் சிரித்தது. சுவரில் ஒல்லியின் முதுகும் குலுங்கியது. முன்வரிசையில் நரைத்த தலையும் லேசாக ஆடியதை ஒல்லி பார்த்தாள்.

கேமரா நிற்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் திரும்பியது. வாசலில் மருமகனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மேஸ்திரியின் முகம் சுவர் நிறைய வந்தது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கேமராவின் பக்கம் சாய்ந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, பேசினார்.

"உங்க கால்சட்டையைத்தான் சொல்றா. நம்ம மில்லுத் துணியாம். ஒரே நனைப்புல ஏறிக்கிச்சாம். ஃபிட்டர் பொண்டாட்டி அவ, வாய் கொஞ்சம் நீளம்."

அவ்வளவுதான். அடுத்து மில் முற்றத்தில் துணிப் பொதிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் சிரிப்பு சட்டென்று நின்றுபோயிற்று. மில்லுக்காரிகள் ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் நூலகப் பெண்.

"திருப்பிப் போடும்மா" என்றாள் பாவு ஓட்டிய கிழவி.

திருப்பிப் போட்டாள். உள்ளங்கை எழுந்தது. உதடு அசைந்தது. கேமரா திரும்பியது. மேஸ்திரி அதையே, ஒரு சொல் விடாமல் சொன்னார்.

"படுபாவி" என்றாள் கிழவி. "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அத்தனை வருஷமும் உக்காந்து படிச்சிருக்கான்."

"ஐயையோ, அந்த ஆளை நான் என்னென்ன சொல்லியிருக்கேன்!" என்று ஒருத்தி தலையில் கைவைத்தாள்.

"மாமியார் கதையெல்லாம் கேட்டுட்டா மரக்கட்டையாட்டம் உக்காந்திருந்தான்?"

"அப்போ அன்னைக்குக் கேட்டுல..." என்று ஆரம்பித்த இன்னொருத்தி, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டாள். எல்லார் கண்களும் கடைசி வரிசைக்குப் போய், அங்கிருந்து முன்வரிசைக்குப் போயின. மேஸ்திரியைப் பிடித்துக் கேட்கவும் வழியில்லை, அவர் செத்தே பல காலம் ஆகிவிட்டது.

நூலகப் பெண் ஒரு ஜன்னலின் கறுப்புத் துணியை விலக்கினாள். வெளிச்சம் வந்து கூடத்தில் விழுந்தது.

ஒல்லி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லவில்லை. முதலில் அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். நான் சொல்லவில்லை, குளியலறையில் உளறவில்லை, என் வாய் தானாக அசையவும் இல்லை. அந்த மேஜை வேலை எனக்குப் போட்ட பிச்சை இல்லை, பழி என் மேல் விழட்டும் என்று போட்ட திரை. இருபது வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்க, உடம்பே லேசாகிவிட்டது போல இருந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. சுள்ளென்று வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை முகத்தைத் திருப்பாமல் நின்றிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? எழுந்து போய் அந்த நரைத்த தலைக்கு முன்னால் நின்று, ஊர் கேட்க நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

அப்போது முன்வரிசையில் நாத்தனாரும் எழுந்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

ஒல்லி அந்த முகத்தைப் பார்த்தாள். சுவரில் பார்த்த முகம் இல்லை, கன்னம் ஒட்டி, கண் குழிந்து, வயசான முகம். கோபம் எங்கே போயிற்று என்றே ஒல்லிக்குத் தெரியவில்லை. நாத்தனாரின் வலது கை பழக்கத்தில் தானாக எழுந்து கன்னத்துக்குப் பக்கத்தில் சுவராக நின்றது. அவள் அந்தக் கையையே ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தாள். பக்கத்துத் தறிக்காரிக்கு மறைத்த கை. எதிரே இருந்த கண்ணாடி அறைக்கு மறைக்காத கை. அதைத் தொப்பென்று கீழே போட்டாள்.

உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"நான்தான் சொல்லியிருக்கேன், ஒல்லி. என் வாயாலயே அவரைக் காட்டிக்கொடுத்திருக்கேன்."

கூடத்தில் இருந்த மில்லுக்காரிகள் எல்லாரும் அதே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். தறி இல்லை, துணி இல்லை. அவரவர் மடியைப் பார்த்தார்கள். பாவு ஓட்டிய கிழவி, நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த சூளைக்காரனின் தலையையும் பிடித்து அமுக்கினாள். அவனுக்கு ஒரு எழுத்தும் புரியாது, ஆனாலும் அமுக்கினாள்.

சோடாக்காரர் மட்டும் நடுவில் நின்று அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்? அக்கா என்ன சொல்றா?" என்று மீசைக்குள்ளிருந்து கேட்டார்.

ஒல்லி அவரை ஒதுக்கிவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். நாலு நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. நாத்தனார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இத்தனை வருஷம் ஒல்லி சுமந்ததை விடப் பெரிய பாரம் இப்போது அவள் தலையில் இறங்கியிருந்தது. புருஷனை வேலையிலிருந்து தள்ளி, சூளைக்கு அனுப்பி, சீக்கிரமே படுக்க வைத்தது தன் வாய்தான் என்று இனி ஒவ்வொரு நாளும் அவள் தனியாக அந்தச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து யோசிப்பாள். அப்படி யோசிப்பது எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஆள் ஒல்லி ஒருத்திதான்.

அவள் நாத்தனாருக்கு நேர் எதிரே, நடைபாதை அகலத்தில் நின்றாள். பழைய தூரம் அதுதான். உதட்டை நன்றாக விரித்து, நிதானமாகச் சொன்னாள்.

"அப்போ நான் ஒல்லி, அண்ணி. இப்ப இருக்கற மாதிரி இருந்திருந்தா உங்களை முழுசா மறைச்சிருப்பேன். அந்த ஆளுக்கு உங்க காதுகூடத் தெரிஞ்சிருக்காது."

நாத்தனாரின் முகம் கோணிக்கொண்டது. சிரிப்புதான் முதலில் வந்தது, அதை மிதித்துக்கொண்டு அழுகை வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். கைக்குள்ளே உதடு ஏதோ விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

ஒல்லி அந்தக் கைகளைப் பிடித்தாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி, வாய்விட்டுச் சொன்னாள்.

"கையை எடுங்க அண்ணி. நீங்க பேசறது எனக்குத் தெரிய மாட்டேங்குது."

நாத்தனார் கையை எடுத்தாள்.